யூனிக்ஸ் போடும்போது 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்களுக்கு டெபியன் (யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக்கொண்டிருந்தார்கள் நம் தம்பிமார். யாரோ கொடுத்த பழைய மெஷின்கள். சிலது யூஎஸ்பியில் பூட் ஆகாது, இறுவட்டுதான் வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், கேபிளைச் சரியாகச் செருகுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

சீடியில் பூட் ஆகிவிட்டு, சீடியையே காணோம் என்றால்

இன்ஸ்டாலர் சீடியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. இரண்டாவது திரையில் "சீடி ட்ரைவ் எதுவும் இல்லை" என்கிறது. உடனே எல்லோரும் சீடி பழுது என்று இன்னொன்று எழுதப் போகிறார்கள். முதலில் சீடியைப் படித்தது மெஷினைத் தொடக்கிவைக்கும் பயோஸ். இயங்குதளத்தின் மையமான கெர்னல் மேலே வந்ததும் அது தன் சொந்த டிரைவரை வைத்துப் படிக்கப் பார்க்கும். பயோஸுக்குத் தெரிந்த ட்ரைவ் கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம்.

பழைய ஐடிஇ ட்ரைவ் என்றால் முதலில் பின்பக்கத்து ஜம்பரை (மாஸ்டரா ஸ்லேவா என்று குறிக்கும் சிறு செருகியை) பாருங்கள். ஒரே ரிப்பன் கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சீடி ட்ரைவும் தொங்கும். வேறு மெஷினில் கழற்றிய ட்ரைவ் என்பதால் இரண்டுமே மாஸ்டர் என்று இருக்கும். ஒன்றை ஸ்லேவ் ஆக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

அப்புறம் நம்ம ஊர்ப் பனி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். பொகவந்தலாவையிலும் மாலையானால் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். குளிரில் கிடந்த ட்ரைவை ஆட்கள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் படியும். மெஷினைச் சும்மா இருபது நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சீடியைப் போடுங்கள். சீடி எழுதும்போது வேகத்தைக் குறையுங்கள். பழைய ட்ரைவ்கள் அவசரமாக எழுதிய சீடியைப் படிக்கத் திணறும்.

32 பிட்டா, 64 பிட்டா?

மெஷினின் ப்ராசஸர் எது என்று முதலில் பாருங்கள். டெபியன் 13இல் 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று

சீடி ட்ரைவ் சரிவராவிட்டால் ஒரு வழி உண்டு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டி, அங்கே இன்ஸ்டால் செய்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டலாம். 2013இல் ஹட்டனில் நான் வேலை பார்த்த கடையில் அதைத்தான் செய்தேன். அந்த மெஷினில் ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோக்காரரின் டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு கல்யாணங்களின் படங்கள். இரண்டு டிஸ்க்கும் 80 ஜிபி. நான் அளவை மட்டும் பார்த்தேன். மாடலைப் பார்க்கவில்லை. டிஸ்கைப் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்கில் ஸ்டூடியோக்காரரின் டிஸ்கில் இருந்த பார்ட்டிஷனை (பிரித்த பகுதியை) அழித்து, டபிள்யூ அழுத்தினேன். அதுவரை எழுதாமல் காத்திருந்த எஃப்டிஸ்க் அந்த ஓர் எழுத்தில் எழுதிவிட்டது.

தவறு அதுவல்ல, அதற்கடுத்தது. அந்த நேரத்தில் படம் ஒன்றும் போகவில்லை. பழைய முறைப் பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பகுதி எங்கே என்ற பட்டியல்) என்பது டிஸ்கின் முதல் செக்டரில், அதாவது முதல் சிறு துண்டில், இருக்கும் வெறும் 64 பைட். நான்கு வரி, வரிக்கு 16 பைட். வீட்டு இலக்கத்தை அழித்தால் வீடு இடிந்துவிடாது. எனக்கு அது தெரியவில்லை. பயத்தில் புதிதாக ஒரு பார்ட்டிஷனை உருவாக்கினேன். எஃப்டிஸ்க் 2048ஆம் செக்டரிலிருந்து தொடங்கியது. ஆனால் அந்த டிஸ்கைப் பிரித்தது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பி தொடங்கும் இடம் 63. இடையில் 1985 செக்டர் வித்தியாசம்.

டிஸ்கை விண்டோஸ் 7இல் மாட்டினேன். புதிய பார்ட்டிஷனின் தொடக்கம் தவறான இடம் என்பதால் அங்கே விண்டோஸுக்கு ஒன்றும் புரியவில்லை; "பாவிக்க வேண்டுமென்றால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்டது. செய் என்றேன். ஒழுங்காகச் செய்வோம் என்று 'குவிக்' என்ற இடத்தில் இருந்த டிக்கையும் எடுத்தேன். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும். பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க ஒன்றும் இல்லை. அந்த ஏழில் ஒரு பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் காலமாகியிருந்தார். ஆல்பம் அச்சுக்கே போகவில்லை. அந்த வீட்டுக்கு ஸ்டூடியோக்காரருடன் நானும் போனேன்.

இதே ஃபார்மட்டை அழுத்திவிட்டு எனக்கு போன் போட்டவர்கள் அதற்குப் பிறகு மூன்று பேர். மூவரிடமும் எனக்குக் கோபம் வந்தது. கேட்டுவிட்டு அழுத்த ஒரு நிமிடம் ஆகாது.

வாசிகசாலைத் தம்பி மட்டும் அழுத்துவதற்கு முன் கூப்பிட்டான்.

"அண்ணே, தப்பான டிஸ்கை அழிச்சுட்டேன். இப்ப ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது."

"ஒன்னும் தொடாத. மெஷினை ஆஃப் பண்ணிட்டு உக்காரு, வர்றேன்."

அது டியூஷன் டீச்சரின் டிஸ்க். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள்கள் உள்ளே. லைவ் சீடியில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் சீடி) டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டினேன். தேடிய சில நிமிடத்தில் பழைய பார்ட்டிஷனைக் காட்டியது, தொடக்கம் 63. உள்ளே கோப்புகள் தெரிகின்றனவா என்று முதலில் பட்டியல் போட்டுப் பார்த்தேன். தெரிந்தன. அப்புறம்தான் டேபிளை எழுதினேன். டீச்சர் வந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார்.

வேலை தொடங்கும் முன் எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளையால் பார்ட்டிஷன் டேபிளை ஒரு கோப்பாக எடுத்து பென் டிரைவில் வையுங்கள். இன்னொரு யூனிக்ஸ் வகையான ஃபிரீபிஎஸ்டி என்றால் ஜிபார்ட்டின் பேக்கப் கட்டளை. ஒரே வரி, ஒரு நொடி. திரையை போனில் படம் பிடித்தாலும் போதும், தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் தெளிவாக விழ வேண்டும். டிஸ்கை அளவு பார்த்துத் தேராதீர்கள். மாடலையும் சீரியல் நம்பரையும் பாருங்கள். இன்ஸ்டால் செய்யாத டிஸ்கின் கேபிளைக் கழற்றியே வையுங்கள்.

ஐந்தாவது பார்ட்டிஷன்

பழைய முறை டேபிளில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான். நான்காவதை எக்ஸ்டென்டட் ஆக்குங்கள், அதற்குள் மேலும் பிரிக்கலாம்.

ஃபிரீபிஎஸ்டியில் 'ஸ்லைஸ்'

மற்றவர்கள் பார்ட்டிஷன் என்பதை அது ஸ்லைஸ் என்கிறது. ஸ்லைஸுக்குள் இருப்பதைத்தான் பார்ட்டிஷன் என்கிறது.

கரண்ட்

பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் தரவு எல்லாவற்றையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். மணிக்கணக்காகும். பாதியில் கரண்ட் போனால் டெஸ்ட்டிஸ்காலும் பெரிதாக உதவ முடியாது. யூபிஎஸ் இல்லையென்றால் காலையில் செய்யுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் பக்கம் இடி வருவது பின்னேரம்.