இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகிறவர்களோடு சபை நாட்டுவது எப்படி?

தமிழ்க் கிறிஸ்தவச் சபை தொடங்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற தம்பிகள் முதலில் இடத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். "பாஸ்டர், மண்டபம் எங்கே மலிவாகக் கிடைக்கும்?" மண்டபம் கிடைக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் சபைக்கு வரப்போகிறவர்கள் சிங்கப்பூரில் எத்தனை வருடம் இருப்பார்கள்?

உட்லண்ட்ஸ் பக்கம் 7 பேரோடு நாங்கள் ஆரம்பித்தபோது இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் அப்போது ஷிப்யார்டில் சேஃப்டி சூப்பர்வைசர். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் பிரசங்கம். அந்த 7 பேரில் 4 பேர் ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்கள். ஒர்க் பெர்மிட் பொதுவாக ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 வருடம். கம்பெனி புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மூன்றாவது வருடம் எங்கள் எண்ணிக்கை 45ஐத் தொட்டது. ஒரு பெரிய கட்டுமான வேலை முடிந்தது. நான்கே மாதத்தில் 22 பேர்தான் மிச்சம். நான் அதை என் தோல்வியாகவே எடுத்துக்கொண்டேன். உபவாசம் இருந்தேன், பிரசங்கத்தை நீட்டினேன், கடிந்து பேசினேன். பாவம், வராதவர்களுக்கான திட்டையும் வந்தவர்களே வாங்கினார்கள்.

அப்போதுதான் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், நாற்காலி அடுக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "ஐயா, நாற்றங்கால்ல கதிர் வரலையேன்னு யாராவது அழுவாங்களா?" அவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. சும்மா சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுக்கப் போய்விட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாற்றங்கால் என்பது நாற்றை வளர்த்து வேறு வயலுக்கு அனுப்புகிற இடம். நான் அதை வைத்துக்கொண்டு வயல் என்று நினைத்திருக்கிறேன். இனி நான் சொல்வதெல்லாம் நாற்றங்கால் கணக்கு.

ஆரம்பிப்பதற்கு முன்

ஆறு மாதம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். இந்த ஊரில் தமிழில் ஆராதனை நடத்த வந்த முதல் ஆட்கள் நாம் இல்லை. ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை தொடங்கியது 1887இல். ஓஃபீர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டிய லூர்து மாதா கோயில் 1888இல் எழுந்தது. ஆங்கிலிக்கன் தமிழர்களுக்கு டோர்செட் ரோட்டில் கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். உங்கள் சபைப் பிரிவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், கூட்டம் முடிந்த பிறகு யார் நிற்கிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். நான் இதைச் செய்யாமல் இறங்கியவன்.

நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். ஞாயிறு காலை 9 மணி என்று வைத்து எட்டு மாதம் காலி நாற்காலிகளுக்குப் பிரசங்கித்தேன். தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கிற தம்பிக்கு ஞாயிறு காலைதான் துணி துவைக்கவும், ஊருக்குப் போன் போடவும், ஓவர்டைம் இருந்தால் அதை முடிக்கவும் நேரம். மாலை 4 மணிக்கு மாற்றினோம், கூட்டம் வந்தது. வீட்டு வேலை செய்யும் சகோதரிகளின் கணக்கு வேறு. மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது முதலாளி கட்டாயம் கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் பணம் கொடுத்துச் சரிக்கட்டக் கூடாது என்ற விதி 2023 ஜனவரி 1இல்தான் வந்தது. சிலருக்கு அந்த ஒரு நாள் மட்டுமே. நான் ரோமர் நிருபத்தைத் தொடராக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் அக்கா கேட்டார்: "ஐயா, நான் போறப்ப மூணாம் அதிகாரம், வந்து பார்த்தா அஞ்சு. நடுவுல என்ன ஆச்சு?" அன்றோடு தொடர் பிரசங்கத்தை விட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் தனியாக நிற்க வேண்டும், 25 நிமிடத்தில் முடிய வேண்டும்.

சரி, இடம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஜெபிப்பது வேறு, அந்த வீட்டையே சபையாக்குவது வேறு. இரண்டாவதை நினைக்கவே வேண்டாம். வணிகக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்தாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரம்புகள் உண்டு. இடத்தை முழுநேரச் சபையாக மாற்ற முடியாது, சிலுவையையும் பெயர்ப்பலகையையும் நிரந்தரமாக மாட்டிவைக்க முடியாது. விதியைப் படிக்காமல் நாங்கள் சுவரில் சிலுவையை ஆணியடித்து மாட்டினோம். ஒரே மாதத்தில் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தப்பு எங்களுடையதுதான்.

நல்ல வழி, ஏற்கெனவே இருக்கிற ஒரு சபையின் கீழ் தொடங்குவது. ஆங்கிலம் பேசும் சபையோ சீனர் சபையோ மதியத்தோடு ஆராதனையை முடித்துக்கொண்டால் மாலையில் மண்டபம் காலி. தனியாகப் பதிவு செய்யும் தலைவலியும் தள்ளிப்போகும். ஆனால் விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளுங்கள். எங்களுக்கு இடம் கொடுத்தவர்களின் கம்பளத்தில் முதல் மாதமே சாம்பார் கொட்டிவிட்டோம். கறையை எடுக்க 180 சிங்கப்பூர் வெள்ளி. அதன்பிறகு சாப்பாடு வெளி நடைபாதையில்தான்.

பிற்பாடு தனியாகப் பதிவு செய்யும்போது குறைந்தது 10 உறுப்பினர்கள் வேண்டும். சமய அமைப்பு என்பதால் விண்ணப்பத்தை ஆராய்ந்துதான் அனுமதி தருவார்கள், பொறுமை வேண்டும். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. 2022இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். அதாவது உங்கள் சபையில் பாதிக்கு மேல் ஒர்க் பெர்மிட் தம்பிகள் என்றால், குழுவுக்கு ஆள் தேட இப்போதே தொடங்குங்கள். ஊரிலிருந்து தெரிந்த ஊழியக்காரர் சுற்றுலா வந்தால் ஆசையில் மேடையேற்றிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிரசங்கிக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும். இந்துக் குடும்பத்துப் பிள்ளை ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாதீர்கள். வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்தவர் சாமியைப் பற்றி மேடையில் ஒரு கிண்டல்கூட வரக் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை, நம் பெரியம்மா வீட்டுப் பூஜையறையில் விளக்கு எரிகிறது என்பதற்காகவும்.

காணிக்கையை நான் தொடுவதே இல்லை. இரண்டு பேர் எண்ணுவார்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான்.

இரண்டு வருட அட்டவணை

புதிதாக வந்த தம்பியை முதல் மூன்று மாதம் சும்மா விடுங்கள். சாப்பிடட்டும், பாடட்டும். சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். விடியற்காலையில் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை மதியம் திறந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு, ஆவி பறக்கிற சோறும் ரசமும் என் மூன்று பிரசங்கத்துக்குச் சமம்.

நாலாம் மாதம் ஒரு வேலை கொடுங்கள். நாற்காலி, தேநீர், மைக், எதுவானாலும் சரி. ஆறாம் மாதம் வேதபாடம் சத்தமாக வாசிக்கட்டும். ஒரு வருடத்தில் விடுதி அறையில் நாலு பேரோடு ஜெபம் நடத்த வேண்டும். ஒன்றரை வருடத்தில் சபைக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும், திக்கினாலும் பரவாயில்லை. கடைசி மாதங்களில் தன் வேலைக்கு இன்னொருவரைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். எந்தப் பொறுப்பிலும் ஆள் தனியாக இருக்கக் கூடாது, கூடவே ஒரு நிழல் வேண்டும்.

சொல்வது சுலபம். மண்டபச் சாவியைக் கைமாற்ற எனக்கு ஐந்து வருடம் ஆனது. வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவரை அட்மின் ஆக்குவதற்குக்கூட மனசு வரவில்லை. பிறகு எனக்கு டெங்கி வந்தது. மருத்துவமனையில் கிடந்தபோது என் கவலை முழுக்க ஞாயிறு ஆராதனைதான். திங்கட்கிழமை ஒரு தம்பி வந்து, "நல்லா நடந்துச்சு ஐயா, நேரத்துக்கு முடிஞ்சிருச்சு" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வருத்தம். நான் இல்லாமலே நன்றாக நடந்துவிட்டதே என்ற வருத்தம். மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, எல்லாவற்றையும் ஒருவராகவே சுமப்பது நல்லதல்ல என்று சொன்ன அதிகாரத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். கையில் டிரிப்ஸ் ஏறும்போதுதான் அது எனக்கு எழுதியது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாவியைக் கொடுத்தேன்.

2020 ஏப்ரல் 7இல் நாடே வீட்டுக்குள் அடங்கியபோது இந்த அட்டவணைதான் காப்பாற்றியது. விடுதிகளுக்குள் நான் போக முடியாது. உள்ளே ஏற்கெனவே அறை ஜெபம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். நான் செய்தது, ஒரு நாளைக்கு ஆறு பேருக்குப் போன் போட்டதும், அவர்களின் போன் கார்டுக்குப் பணம் நிரப்பியதும்தான்.

போதகரின் வீடு

இங்கேயே பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, "அப்பா, நீங்க சர்ச்சுல பேசுற தமிழ் ஸ்கூல்ல இல்லை, வீட்லயும் இல்லை" என்றாள். கோபம் வந்தது, பிறகு என் பிரசங்கத்தைப் பதிவு செய்து கேட்டேன். அவள் சொன்னது சரி. இப்போது பிள்ளைகளுக்குத் தனி அறையில் ஆங்கிலத்தில் இருபது நிமிடம். ஆனால் தொடக்கப் பாடலும் வேதவாசிப்பும் பெரியவர்களோடு தமிழில்.

அவளும் அவள் அம்மாவும் என்னிடமிருந்து பல வருடம் மிச்சசொச்ச நேரம் மட்டும்தான் பெற்றார்கள். ஞாயிறு இரவு வீட்டுக்குள் நுழையும்போது என் முகத்தைப் பார்த்தே அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை மாலை 4 மணி வரை போனை அணைத்துவைப்பது என் மனைவி போட்ட சட்டம். அவசரம் என்றால் மூப்பர் ஒருவருக்கு அழைக்கலாம். இதுவரை பெரிதாக எதுவும் இடிந்து விழவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இரண்டு ஒரு பெரிய சபைக்கு மாறின. மேடையிலேயே "ஆடு திருட்டு", அதாவது அடுத்த சபை நம் ஆட்களை இழுத்துக்கொண்டது என்று பேசிவிட்டேன். யாரும் ஆடு திருடவில்லை. அங்கே வாலிபர் கூட்டம் நன்றாக இருந்தது, பிள்ளைகள் போனார்கள், பெற்றோரும் பின்னால் போனார்கள். நான் பொறாமைப்பட்டேன், அவ்வளவுதான். இதைச் சபைக்குள் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் சபைக்கு வெளியே, என்னைவிட மூத்த, வேறு பிரிவைச் சேர்ந்த ஒரு போதகரைத் தேடிக்கொண்டேன். மாதம் ஒரு தடவை ஈசூனில் ஒரு காப்பிக் கடையில் உட்காருவோம். மூன்று கேள்வி கேட்பார்: பணம் எப்படி, மனைவி எப்படி, யார்மேல் எரிச்சல்? மூன்றாவதுக்குத்தான் எப்போதும் நேரம் போதாது. சபை தொடங்குமுன் இப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், மண்டபம் தேடுவதற்கும் முன்னால்.

வழியனுப்புவது

போகிறவருக்குக் கடைசி ஞாயிறு ஒன்று வையுங்கள். முன்னால் நிறுத்தி, இங்கே என்ன வேலை செய்தார் என்று எல்லார் முன்பும் சொல்லுங்கள். ஊர்ப் பெயர், அங்கே எடுக்கிற போன் நம்பர், பக்கத்துச் சபையின் பெயர் எல்லாவற்றையும் வாங்குங்கள். நான் வருகைப் பதிவு நோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு இதற்கு ஒரு நோட்டு போட்டேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் கூப்பிடுங்கள். முதல் வாரம் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள், மூன்றாம் வாரம்தான் தனிமை தெரியும். திருவாரூர்த் தம்பி இப்போது தன் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார், நாற்காலி கிடையாது, பாய்.

முடிந்தவரை சாங்கி விமான நிலையத்துக்கும் போங்கள். பெட்டி எடை கூடி, அங்கேயே பிரித்துக் கட்டவேண்டி வரும், ஒரு பழைய பை கொண்டுபோனால் உதவும். இரவு விமானம் என்றால் கடைசி எம்ஆர்டி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு தடவை தவறவிட்டு, நள்ளிரவுக் கட்டணம் கொடுத்து டாக்சியில் வந்தேன். மனைவி இன்னும் கணக்குக் கேட்கிறாள்.