விக்டோரியா காலத்து பிளாக்பெர்ரி ஜெல்லி: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்துக் கிராமத்துக் கூலி வீடுகளுக்குக் காசில்லாமல் கிடைத்த பழங்களில் முதலிடம் பிளாக்பெர்ரிக்குத்தான். ஏதாவது மலிந்து கிடந்தால் 'பிளாக்பெர்ரி போலக் கொட்டிக் கிடக்கிறது' என்பார்கள். ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபின் வாயில் வைத்த உவமை அது. விக்டோரியா காலத்தில் சாதாரணப் பேச்சுவழக்கு.

இவ்வளவு பழம் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்களை நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் பிரித்துத் தனியார் வயல்களாக்கினார்கள். எல்லையெங்கும் உயிர்வேலி நட்டார்கள். அந்த வேலியில் முள்கொடி தானாகவே படர்ந்தது. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஏழைக்கு வேலியோரப் பழமாவது மிஞ்சியது. இந்த ஜெல்லியின் ஒவ்வொரு படியிலும் அந்தச் சிக்கனம் தெரியும். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நாவற்பழத்தைச் சிலர் 'இந்தியன் பிளாக்பெர்ரி' என்பார்கள், அது வேறு. மரத்தில் காய்க்கும் முசுக்கொட்டைப் பழமும் வேறு. இது முள்கொடியில், சின்னச் சின்ன மணிகள் சேர்ந்து ஒரே பழமாக இருப்பது. பிரிட்டனில் இருப்பவர்கள் வேலியில் பறிக்கலாம். மற்றவர்கள் கடையில் கிடைக்கும் உறைந்த பழத்தையே வாங்கலாம்.

தேவையானவை

பிளாக்பெர்ரி 1 கிலோ, புளிப்பான சமையல் ஆப்பிள் 2, தண்ணீர் 300 மில்லி, ஒரு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. சர்க்கரையின் அளவைச் சாறு வடித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அடிகனமான எஃகுப் பாத்திரம் போதும். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

படி 1: பறிப்பது

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் முழுக்கக் கிடைக்கும். கொத்தின் நுனியில் இருக்கும் பழம்தான் முதலில் பழுக்கும், அதுதான் பெரிது, இனிப்பும் அதிகம். பளபளவென்று மின்னும் கறுப்பைக் கண்டு ஏமாறாதீர்கள், அது இன்னும் புளிக்கும். மினுமினுப்பு மங்கி, லேசாகத் தொட்டதும் கையோடு வருவதுதான் பழுத்த பழம். 'பச்சையாக இருக்கும்போது சிவப்பாக இருப்பது எது?' என்று அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விடுகதை உண்டு. விடை இந்தப் பழம்தான். ஜெல்லிக்கு அந்தச் சிவப்பையும் கால் பங்கு சேர்த்துப் பறியுங்கள். ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் காய்ப்பதத்தில்தான் அதிகம்.

உயரக் கிளையை இழுக்கக் கைப்பிடி வளைந்த கைத்தடி, பழத்துக்குக் கூடையோ தகரப் போணியோ, இவ்வளவுதான் அன்றைய ஆயுதம். நீங்கள் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சாலையோரப் புகை படும் இடம் வேண்டாம், இடுப்புக்குக் கீழே உள்ளதையும் விட்டுவிடுங்கள். நாய்கள் போகும் வழி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த காட்டுப்பழத்தை விற்பதற்காக அல்லாமல் வீட்டுக்குப் பறித்தால் திருட்டு ஆகாது.

விக்டோரியா காலத்தில் இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. 1862க்குப் பிறகு பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம் பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்தது. அதனால் தலைமையாசிரியர்கள் நாட்குறிப்பில் 'பிளாக்பெர்ரி பறிக்கப் போய்விட்டார்கள், வருகை குறைவு' என்ற பொருளில் எழுதிவைத்த குறிப்புகள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. 1880இல் பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கிய பிறகும் இது சட்டென்று நிற்கவில்லை. பழத்தை வியாபாரிக்கு விற்றால் வரும் சில்லறை வீட்டுக்கு வேண்டியிருந்தது. அந்த ஆசிரியர்களின் கவலை புரிகிறது. ஆனாலும் நான் பிள்ளைகள் பக்கம்தான்.

எப்போது நிறுத்துவது? செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள். மிக்கேல் தேவதூதர் சொர்க்கத்திலிருந்து தள்ளிவிட்ட சாத்தான் நேராக முள்புதரில் வந்து விழுந்தானாம். அந்த ஆத்திரத்தில் ஆண்டுதோறும் அந்த நாளில் பழத்தின்மேல் துப்பிவிடுவானாம், அப்புறம் யாரும் தொடக் கூடாது. சில ஊர்களில் கெடு அக்டோபர் 10 அல்லது 11. 1752இல் நாட்காட்டியை 11 நாள் நகர்த்தியதால் வந்த வித்தியாசம் அது. கதை கிடக்கட்டும், அறிவுரை சரியானது. குளிரும் ஈரமும் ஏறியதும் பழம் நீர்த்துப்போகும், பூஞ்சை பிடிக்கும்.

கொடியின் நுனி வளைந்து மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விட்டு ஒரு வளைவு போல நிற்கும். கக்குவான் இருமல் வந்த குழந்தையை அதற்கடியில் நுழைத்து எடுத்தால் குணமாகும் என்று நம்பினார்கள். மருந்தே இல்லாத நோய்க்குத் தாய்மார்கள் வேறு என்ன செய்வார்கள்?

படி 2: வேகவைப்பது

பழத்தை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள், உள்ளே புழு இருந்தால் வெளியே வரும். அலசி வடியுங்கள். ஆப்பிளைத் தோல், நடுத்தண்டு, விதையோடு அப்படியே துண்டாக்குங்கள். பெக்டின் அந்த இடங்களில்தான் இருக்கிறது. எப்படியும் வடிகட்டத்தானே போகிறோம். பழம், ஆப்பிள், தண்ணீர், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் குழைய வேகவிட்டு, மசித்துவிடுங்கள்.

படி 3: வடிப்பது

இதில்தான் பொறுமை வேண்டும். ஒரு ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு காலிலும் மெல்லிய துணியைத் தொட்டில் மாதிரிக் கட்டி, அடியில் பாத்திரம் வைப்பார்கள். நாமும் அதையே செய்யலாம். துணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து கட்டுங்கள், இல்லையென்றால் சாற்றைத் துணியே குடித்துவிடும். குழைந்த பழத்தை ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பிழியவே கூடாது. பிழிந்தால் சாறு கலங்கும், ஜெல்லியில் அந்தக் கண்ணாடித் தெளிவு வராது.

படி 4: சர்க்கரை

அன்றைய கணக்கு: ஒரு பைன்ட் சாற்றுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை. நம் கணக்கில் 570 மில்லிக்கு 450 கிராம். சர்க்கரை அப்போது கூம்பு வடிவக் கட்டியாக, நீலக் காகிதம் சுற்றி வரும். இரும்புக் குறடால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். 1874இல் சர்க்கரை வரியை அடியோடு நீக்கினார்கள். வேலியில் பழம் எப்போதும்போல் இருந்தது, இப்போது சர்க்கரையும் கைக்கு எட்டியது. ஏழை வீட்டு ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாக ஜாம் ஏறியது.

சிறு தீயில் சர்க்கரையைக் கரையுங்கள். ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கரைந்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும்.

படி 5: பதம்

தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பொங்கும், அதனால் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. எட்டு நிமிடம் கழித்துப் பதம் பாருங்கள். இங்கே கம்பிப் பதம் உதவாது. ஃப்ரீஸரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளுங்கள். மேலே ஆடை சுருங்கினால் ஆயிற்று. சுருங்காவிட்டால் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள். பார்க்கும் நேரத்தில் அடுப்பை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பதம் தாண்டிவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் 104–105 டிகிரி செல்சியஸ்.

படி 6: பாட்டிலில் அடைப்பது

நுரையை எடுத்துவிட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பாட்டில்களில் உடனே ஊற்றி இறுக மூடுங்கள். அன்று முட்டை வெள்ளை தடவிய மெல்லிய காகிதத்தை வாயில் ஒட்டுவார்கள். காய்ந்ததும் மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பார்க்க அழகான வேலைதான், ஆனால் நமக்குத் திருகு மூடியே பத்திரம்.

ரொட்டியில் தடவலாம், வறுத்த ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ளலாம், தொண்டை கரகரத்தால் ஒரு கரண்டியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம். துணியில் தங்கிய சக்கையையும் வீசாதீர்கள். சல்லடையில் தேய்த்து விதையை நீக்கி, எடைக்குப் பாதி சர்க்கரை போட்டுக் கெட்டியாகக் கிளறினால் இன்னொரு கிண்ணம் இனிப்பு கிடைக்கும். அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.