கொழும்பு வீட்டு வளவில புல்லு பதிக்கிறது: மண்ணில இருந்து தொடங்குங்கோ

புல்லு பதிச்சு கொஞ்ச நாளில மஞ்சளாகிட்டுது எண்டா எல்லாரும் முதல்ல சொல்லுறது "தண்ணி காணாது போல" எண்டுதான், உடன ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவினம். வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல மழை கொட்டுற ஊர் இது. இங்க புல்லுக்கு வில்லன் அநேகமா கீழ இருக்கிற மண்தான். வீடு கட்டி முடிய பாஸ்மார் விட்டுட்டுப் போற சீமெந்துக் கட்டி, உடைஞ்ச ஓடு, கல்லு எல்லாத்தையும் சமப்படுத்தி மேல ரெண்டு அங்குலம் சிவப்பு மண்ணைத் தூவி அதுக்கு மேல புல்லைப் பதிச்சா, மழைக்குத் தண்ணி இறங்காம வேர் அழுகும், வெயிலுக்கு அதே மண் கொங்கிறீட் மாதிரி இறுகும். அதனால காசு மட்டா இருந்தா புல்லைக் குறைச்சு மண்ணுக்குச் செலவழியுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

முதல்ல எந்தப் புல்லு எண்டு பாப்பம். நர்சரிக்குப் போனா, தியத்த உயனப் பக்கம் செடிக்கடைகளுக்குப் போனாலும் சரி, முதல்ல காட்டுறது மலேசியன் புல்லு. இலை அகலம், பாக்கப் பச்சைப்பசேல் எண்டு இருக்கும், மாமர நிழலுக்குக் கீழயும் ஓரளவு தாங்கும், ஆனா வேர் ஆழமாப் போகாது, ஜனவரி பெப்ரவரி வெயிலுக்குத் தண்ணி விடாட்டி முதல்ல வாடுறது இதுதான். பெர்முடா எண்டு விக்கிறது நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற அறுகம்புல்லுச் சாதிதான், முழு வெயில் வேணும், நிழலில வைச்சா மெலிஞ்சு போகும், ஆனா பிள்ளைகள் பந்தடிக்கிற இடமெண்டா அதுதான் சரி. சோய்சியா மெதுவாத்தான் பரவும், விலையும் கூட, ஆனா மிதிபாடும் தாங்கும் உப்பும் தாங்கும். வெள்ளவத்தை, தெஹிவளையில கடல் பக்கத்து ஒழுங்கைகளில இருக்கிற ஆக்கள் மலேசியன் புல்லைப் பதிச்சுப்போட்டு உப்புக்காத்தைத் திட்டுறதில பிரயோசனமில்ல, சோய்சியாவைப் பாருங்கோ.

அளவு பாக்கேக்க ஒரு பேர்ச் எண்டா 272 சதுர அடி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, மூலை வெட்டுறதுக்கு நூத்துக்கு 5 முதல் 10 வரை கூட எடுக்கவேணும். காசு மிச்சம் பிடிக்க நினைச்சா துண்டு துண்டாப் பதிக்காம வேரோட பிச்சு அரை அடிக்கு ஒண்டா நடலாம், மூட ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும், அதுக்குள்ள களை பிடுங்கிற பொறுமை இருக்கோணும்.

இனி மண். பழைய புல்லு, கல்லு, வேர், சீமெந்துக் கட்டி எல்லாத்தையும் எடுத்துப்போட்டு 4 முதல் 6 அங்குல ஆழத்துக்குக் கொத்துங்கோ. கோரை இருந்தா மேல வெட்டி விடுறதில ஒரு வேலையுமில்ல, கீழ இருக்கிற கறுப்புக் கிழங்கைத் தோண்டி எடுக்கோணும், தண்ணி விட்டு ரெண்டு கிழமை விட்டுப் பாத்தா மிச்சக் கிழங்கெல்லாம் முளைச்சுத் தலை காட்டும், திரும்ப ஒருக்கா தோண்டி எடுத்துட்டுத்தான் புல்லு வாங்கப் போகோணும். இதை அவசரத்தில விட்டா ஒரு மாசத்தில உங்கட மலேசியன் புல்லுக்கு நடுவால கோரை ஈட்டி மாதிரி எழும்பும்.

நல்ல மேல்மண்ணும் கொம்போஸ்டும் கலந்து 4 அங்குலம் போடுறதெண்டா ஒரு பேர்ச்சுக்கு கிட்டத்தட்ட ஒரு கியூப் (100 கன அடி) வரும். லொறிக்காரன் மண்ணைக் கொட்ட முதல் கையில ஒரு பிடி எடுத்து நனைச்சு உருட்டிப் பாருங்கோ, களிமண் மாதிரி வழுவழுப்பா உருண்டா திருப்பி அனுப்புங்கோ. சிவப்பு கபுக் மண் (செம்பூரான் கல்லு மண்) வளவெண்டா புளிப்புத்தன்மை கூட இருக்கும், அதை அளக்கிற பீஎச் பாத்து 5.5க்குக் கீழ எண்டா டொலமைட் எண்ட சுண்ணாம்புத் தூள் போட்டுக் கலக்கலாம். வீட்டுச் சுவரில இருந்து வெளிப்பக்கமா 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வையுங்கோ, நடைபாதைக் கல்லை விட மண் ஒரு அங்குலம் பதிஞ்சு இருக்கோணும், இல்லாட்டி புல்லு மேடாகி மழைத்தண்ணி கல்லுக்கு மேலால ஓடும். கடைசியில ஹோஸால நல்லா நனைச்சு எங்க குழி விழுது எண்டு பாத்து நிரப்பிச் சமப்படுத்துங்கோ.

புல்லு வாற நாளை மண் வேலை முடிஞ்ச பிறகுதான் முடிவு பண்ணோணும். வெட்டின புல்லு அடுக்கி வைச்சா உள்ளுக்குள்ள சூடாகும், லொறியில இருந்து இறக்கேக்க அடுக்குக்கு நடுவில கையை விட்டுப் பாருங்கோ, கொதிக்குது எண்டா அது நேத்து வெட்டினது, நடு இலையெல்லாம் மஞ்சளா இருக்கும், அதை எடுக்காதீங்கோ. வந்த அண்டைக்கே பதிச்சு முடிக்கோணும், நிழலில வைச்சு ஈரச்சாக்கால மூடி வைச்சாலும் அடுத்த நாளுக்கு மேல வேண்டாம்.

நேரான ஓரம் ஒண்டு பிடிச்சு, கேற்றடியோ நடைபாதையோ, அங்க இருந்து தொடங்குங்கோ. ரெண்டாவது வரிசையை செங்கல்லுக் கட்டுற மாதிரி மூட்டு மாறி வைச்சு, துண்டுக்குத் துண்டு இறுக்கி ஒட்ட வையுங்கோ, ஆனா இழுக்கவும் கூடாது ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தவும் கூடாது. இழுத்து வைச்சது காயேக்க சுருங்கி இடைவெளி விடும், அந்த இடைவெளிக்குள்ளதான் களை முதல்ல வரும். பதிச்சதை நேர மிதிக்காம ஒரு பலகையைப் போட்டு அதில நிண்டு வேலை செய்யுங்கோ, முடிய அதே பலகையால தட்டி விட்டா அடியில காத்துப் பிடிக்காது. மூட்டுகளில கொஞ்சம் மண் தூவி விடலாம்.

தண்ணி விடுறதில முதல் நாள்தான் முக்கியம், ஒரு மூலையைத் தூக்கிப் பாத்தா கீழ மண் 3, 4 அங்குலத்துக்கு நனைஞ்சிருக்கோணும், மேல இலை நனைஞ்சது கணக்கில்ல. முதல் கிழமை காலமையும் மத்தியானத்துக்குப் பிறகும் ஒருக்கா, பிறகு ஒரு நேரமாக்கி, மூண்டாவது கிழமையில ரெண்டு நாளுக்கு ஒருக்கா நல்லா ஊத்துங்கோ. மழை பெய்யுற நாளில விட்டுடுங்கோ. வேலையால வந்து இரவு எட்டு மணிக்கு ஊத்துறது வசதிதான், ஆனா விடியும்வரை இலை ஈரமா இருந்தா பங்கசு பிடிச்சு வட்ட வட்டமா கபில நிறத்தில காயும். தென்மேற்குப் பருவமழை உக்கிரமா கொட்டுற மே கடைசி, ஜூன்ல பதிக்கவே வேண்டாம், புது மண் கழுவுண்டு போகும்.

10 நாள் 14 நாளில ஒரு துண்டை மெதுவா இழுத்துப் பாருங்கோ, அடியில வெள்ளை வேர் மண்ணுக்குள்ள இறங்கி இருந்தா விடாமப் பிடிக்கும். அதுவரை நாயையும் பிள்ளைகளையும் மறிச்சு வையுங்கோ. வேர் பிடிச்ச பிறகுதான் வெட்டு, ஒரே தரத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது, மலேசியன் புல்லை ஒண்டரை முதல் ரெண்டு அங்குலத்தில விடுங்கோ. கிராஸ் கட்டரோட வாற ஆக்கள் அடியோட வழிச்சு விடுறதைத்தான் சுத்தமான வேலை எண்டு நினைக்கினம், பக்கத்தில நிண்டு சொல்லித்தான் வெட்டுவிக்கோணும். பிளேட் மொட்டையா இருந்தா நுனி கிழிஞ்சு வெள்ளையாத் தெரியும்.

உரத்துக்கு அவசரம் வேண்டாம், 4 முதல் 6 கிழமை போகட்டும். யூரியா எண்டா மலேசியன் புல்லுக்கு பேர்ச்சுக்கு 150 கிராமுக்கு மேல போடாதீங்கோ, இலை காஞ்சிருக்கேக்க தூவி உடன தண்ணி விட்டுக் கழுவோணும், இல்லாட்டி கருகும்.

மிச்சமான பொலித்தீன் உறை, சாக்கு, பழைய பூச்சட்டி எல்லாத்தையும் அண்டைக்கே அப்புறப்படுத்துங்கோ. தண்ணி நிண்டா டெங்கு நுளம்பு பெருகும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நோட்டீசும் தருவார்.