ஒரு போன், நாற்பது அட்டை: நடுநிலை வகுப்பில் பிளிக்கர்ஸ் பயன்படுத்துவது எப்படி?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே இழுத்துச் சொல்லும். ஆறிலிருந்து எட்டு வரை பாடம் எடுக்கும் யாருக்கும் இந்த ராகம் பழக்கம். கை தூக்கும் ஐந்தாறு பிள்ளைகளின் பதிலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். மற்றவர்கள் மனதில் என்ன இருந்தது என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் தோழர்கள் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அதிகம். அதனால் வாயைத் திறக்காத பிள்ளைகளே இந்த வகுப்புகளில் அதிகம்.

இந்தப் பிள்ளைகளின் பதிலையும் வாங்குவதற்கு ஆளுக்கொரு டேப்லெட் வேண்டியதில்லை. ஆசிரியர் கையில் ஒரு ஸ்மார்ட்போன், பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு காகித அட்டை, அவ்வளவுதான். பிளிக்கர்ஸ் என்ற செயலி இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்பு வடிவம் அச்சாகியிருக்கும். கியூஆர் கோடு மாதிரிதான், ஆனால் பெரிய கட்டங்களால் ஆனது. அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்தில் இருக்கும். எந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்கிறார்களோ, அதுதான் பதில். போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெல்ல நகர்த்தினால் எல்லோருடைய பதிலும் ஒரு நிமிடத்துக்குள் பதிவாகிவிடும். ஒருவர் அட்டையின் வடிவம் இன்னொருவருக்கு வராது, எழுத்தும் பொடி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவதற்கு வழியில்லை.

முதலில்: கணக்கும் வகுப்பும்

பிளிக்கர்ஸ் இணையதளத்தில் உங்கள் மின்னஞ்சல் கொண்டு இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இதைக் கணினியில் செய்வது எளிது. பிறகு '7-அ கணக்கு' என்பதுபோல் ஒரு வகுப்பை உருவாக்கி மாணவர் பட்டியலைச் சேருங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்), புகைப்படம் எதுவும் வேண்டாம். அழைக்கும் பெயரோ வெறும் வரிசை எண்ணோ போதும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. நம் தேவைக்கு வரிசை எண்ணே போதும் என்னும்போது அதற்கு மேல் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வருகைப் பதிவேட்டு எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். அட்டை கொடுக்கும்போது குழப்பம் வராது.

அட்டை அச்சிடுதல்

அட்டைகளை இணையதளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இறக்கலாம். நாற்பது பேருக்கான தொகுப்பும், பெரிய வகுப்புக்கு 63 பேருக்கான தொகுப்பும் இருக்கின்றன. சாதாரண கறுப்பு வெள்ளை அச்சே போதுமானது.

பளபளக்கும் லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவால் வடிவத்தைப் படிக்க முடியாது. பழைய நோட்டு அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் ஒரு வருடம் தாங்கும். வடிவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் வகுப்பிலேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி எழுதுதல்: வேலை முழுவதும் இங்கேதான்

செயலியைப் பழக அரை மணி நேரம் போதும். நல்ல கேள்வி எழுதப் பழகத்தான் நாள் பிடிக்கும். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சரியான விடையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, மற்ற மூன்று விடைகளை மனம் போனபடி நிரப்பிவிடுகிறார்கள். கவனம் போக வேண்டியது அந்தத் தவறான விடைகள் மீதுதான். ஒவ்வொரு தவறான விடையும் பிள்ளையின் மனதில் உள்ள ஒரு குறிப்பிட்ட எண்ணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.6, 0.45, 0.317 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்கிறீர்கள். பாதிப் பேர் 0.6 என்று சரியாகச் சொன்னால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அவர்களில் சிலர், 'புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று நினைத்து அந்த விடைக்கு வந்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு சிறியது என்று படித்ததைப் பாதி பிடித்துக்கொண்டதால் வரும் எண்ணம் இது. விடை சரி, காரணம் தவறு. இந்தக் கேள்வியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது எண்களை மாற்றுங்கள்: ஏ) 0.3, பி) 0.47, சி) 0.125. எது பெரியது?

ஏ என்று காட்டுபவர் இலக்கம் குறைந்தால் பெரியது என்று நினைக்கிறார். சி என்று காட்டுபவர் புள்ளிக்குப் பின் உள்ளதை முழு எண்ணாகவே வாசிக்கிறார்: 125, 47, 3. இடமதிப்பு தெரிந்தவர் மட்டுமே பி என்று காட்டுவார். எண்களை மாற்றியதும் வகுப்பு மூன்று குழுவாகப் பிரிந்து உங்கள் கண் முன் நிற்கிறது. மூன்றுக்கும் ஒரே விளக்கம் உதவாது. சி குழுவுக்கு 0.300, 0.470, 0.125 என்று பூச்சியம் சேர்த்து எழுதிக் காட்டலாம். ஏ குழுவிடம் பத்தில் மூன்று பங்கையும் நூறில் நாற்பத்தேழு பங்கையும் நூறு கட்டத் தாளில் வண்ணமிடச் சொல்ல வேண்டும். ரூபாய், பைசா வைத்து விளக்குபவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். 0.3 ரூபாயை 3 பைசா என்று பிள்ளைகள் எளிதாக எடுத்துக்கொள்வார்கள்.

அறிவியலிலும் இப்படித்தான். மின்கலம், பல்பு, கம்பி உள்ள எளிய சுற்றின் படத்தைப் போட்டு, மின்னோட்டம் எங்கே அதிகம் என்று கேளுங்கள்: ஏ) பல்புக்கு முன், பி) பல்புக்குப் பின், சி) இரண்டு இடத்திலும் சமம். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். நிலாவின் பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்ற தவறான விடையையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

எழுதிய கேள்விகளைத் தளத்தில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், படமும் சேர்க்கலாம். ஒரு பாடவேளைக்கு இரண்டு கேள்வி போதும், மூன்று தாராளம்.

வகுப்பில் நடத்துதல்

வகுப்பில் போனை எடுப்பதால் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் பாடக் கேள்வி வேண்டாம். 'உனக்குப் பிடித்தது தோசையா, இட்லியா, பூரியா, பொங்கலா?' என்று கேட்டு அட்டை பிடிக்கப் பழக்குங்கள். விரல் வடிவத்தை மறைக்கக் கூடாது, அட்டை முகத்துக்கு நேராக இருக்க வேண்டும், சொல்லும் வரை இறக்கக் கூடாது. மூன்றே விதிகள். ஜன்னல் வெளிச்சம் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஸ்கேன் தடுமாறும். நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பாடக் கேள்விக்கு வரும்போது நான் பின்பற்றுவது எரிக் மசூர் காட்டிய வழி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் இவர், 1990-களின் தொடக்கத்திலிருந்து தன் வகுப்புகளில் இதைச் செய்துவருகிறார். கல்லூரிக்காக உருவானது என்றாலும் ஏழாம் வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

கேள்வியைக் கரும்பலகையிலோ புரொஜக்டரிலோ காட்டுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு அட்டையைத் தூக்கச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். சரியான விடை எது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இந்த இடத்தில் வாயை அடக்குவதுதான் நமக்குக் கஷ்டம். போனில் எண்ணிக்கையைப் பாருங்கள். நாற்பது பேரில் பன்னிரண்டு பேருக்கும் குறைவாகச் சரியாகச் சொல்லியிருந்தால், அதாவது 30 சதவீதத்துக்குக் கீழே என்றால், பாடத்தைத் திரும்ப வேறு விதமாக நடத்த வேண்டும். இருபத்தெட்டுப் பேரைத் தாண்டினால், அதாவது 70 சதவீதத்துக்கு மேல் என்றால், சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டதாக இருந்தால், "உன் விடைக்கு மாறாகச் சொன்ன ஒருவரைப் பிடித்து, உன் காரணத்தைச் சொல்லிப் புரியவை" என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சத்தம் வரும், வரட்டும். பிறகு அதே கேள்வியை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நேற்றுப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, புரியாத பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். இரண்டாவது முறை எண்ணிக்கை ஏறுவதைப் பிள்ளைகளே பார்த்துக் கைதட்டுவார்கள்.

புரொஜக்டரில் காட்டுவதாக இருந்தால் எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற வரைபடத்தை மட்டும் காட்டுங்கள். யார் சரி, யார் தவறு என்ற பட்டியல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு நாள் பெயரோடு சிவப்பு நிறம் திரையில் வந்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் நினைப்பதைக் காட்டாமல், மற்றவர் என்ன காட்டுவார் என்று யோசித்துக் காட்டுவார்கள். அதே காரணத்துக்காக இதற்கு மதிப்பெண்ணும் போடாதீர்கள்.

இணையம் இல்லாத நாளில்

செயலிக்கு இணையம் வேண்டும். மொபைல் டேட்டா போதும். சிக்னலே இல்லையென்றால் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஏ-வுக்கு ஒரு விரல், பி-க்கு இரண்டு, சி-க்கு மூன்று என்று நெஞ்சுக்கு நேரே காட்டச் சொல்லுங்கள். பதிவு இருக்காதே தவிர, வகுப்பு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

வகுப்பு முடிந்த பிறகு

அன்று மாலை தளத்தில் அறிக்கைப் பகுதியைத் திறந்து, இரண்டாவது முறையும் தவறாகக் காட்டியவர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மறுநாள் மதிய உணவு முடிந்த பிறகு அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஏன் சி காட்டினேன்னு சொல்லு, கேட்கிறேன்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கேள்விக்குத் தவறான விடை தேடும்போது அந்த நோட்டைத்தான் திறக்கப் போகிறீர்கள்.