சாப்பிடக் கூப்பிட வாட்ஸ்அப்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு மொத்தமே மூன்று அறை, அதில் சமையலறையிலிருந்து மனைவி "சாப்பிட வாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப, நான் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு ஆறிப்போனது, அவள் கோபம்தான் ஆறவில்லை.

முதலில் சைலன்ட்டில் போட்டுப் பார்த்தேன். பிரயோஜனமில்லை, கை தானாகப் போகிறது. அப்புறம் எல்லா சார்ஜரையும் பிடுங்கி, வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினேன். இரவு 8 மணிக்கு மேல் நாலு போனும் அங்கேதான், அழைப்பு வந்தால் எழுந்து போய் நின்றுகொண்டே பேச வேண்டும். ரீல்ஸும் நின்றுகொண்டுதான் (பையன் இரண்டு நாள் பார்த்தான், கால் வலித்து விட்டுவிட்டான்).

ஞாயிறு சாயங்காலம் போன் இல்லாமல் அப்பாவோடு கோட்டை அகழியோரம் நடக்கிறேன். 1806 சிப்பாய்ப் புரட்சியில் ஆரம்பித்து ரேஷன் கடை வரைக்கும் வந்துவிடுகிறார்.