ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 பிப்ரவரி 3 அன்று இரவு, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் ஸ்பெயினின் வலென்சியா கால்பந்து அணி 7-0 என்று தோற்றது. அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் கேரி நெவில். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்காக 600 ஆட்டங்களுக்கு மேல் ஆடி, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் பட்டத்தை 8 முறை வென்றவர். ஓய்வு பெற்றபின் தொலைக்காட்சியில் அவர் செய்த ஆட்ட அலசல்களைக் கேட்டவர்கள், இவரளவுக்கு ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அரிது என்று சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆனால் 2015 டிசம்பரில் வலென்சியாவில் பொறுப்பேற்கும்வரை, எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஸ்பானிய மொழியும் அவருக்குக் கைவரவில்லை. லீகில் 16 ஆட்டங்களில் 3 வெற்றிகளே கிடைத்தன. நான்கு மாதங்கள் நிறையும் முன்பே, மார்ச் 30 அன்று நீக்கப்பட்டார்.

இதை நெவில் என்ற ஒருவரின் தோல்வியாக மட்டும் பார்ப்பது சரியல்ல என்று கருதுகிறேன். புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு இது: பெயரை நம்பி ஒருவர் அழைக்கிறார், அந்த அழைப்பையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொண்டு இவர் பெரிய நாற்காலியில் போய் அமர்ந்துவிடுகிறார். இங்கிலாந்தின் நியூகாசில் அணி ரசிகர்களின் கண்ணுக்குக் கண்ணான முன்னாள் வீரர் ஆலன் ஷியரர் 2009 ஏப்ரலில் அந்த அணியைக் காப்பாற்ற வந்தார். 8 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்று, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இத்தாலியின் முன்னாள் வீரர் ஆந்த்ரேயா பிர்லோ, அந்நாட்டின் யுவென்டஸ் கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 2020 ஜூலை இறுதியில் நியமிக்கப்பட்டு, அந்த அணியை ஓர் ஆட்டத்தில்கூட வழிநடத்தாமலேயே, சில நாட்களில் முதல் அணியின் பயிற்சியாளரானார். இரண்டு கோப்பைகளை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் தொடர்ந்து 9 ஆண்டுகள் லீக் பட்டம் வென்றிருந்த அந்த அணி நான்காம் இடத்துக்குச் சரிந்தது, ஓராண்டிலேயே அவர் வெளியேற நேர்ந்தது.

பெரிய அணியில் முதல் பாடம் படிப்பது ஏன் இவ்வளவு ஆபத்தானது? அங்கே நேரமில்லை. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடும் அணியில், ஆட்டத்துக்கு மறுநாள் களைப்பு தீர்க்கும் நாள், ஆட்டத்துக்கு முந்தைய நாள் இலேசான பயிற்சி, நடுவில் பயணம் என்று கழித்துப் பார்த்தால், ஒரு புதிய யோசனையைத் திடலில் வைத்துச் சோதிக்க மிஞ்சுவது வாரத்துக்கு ஓரிரண்டு மணி நேரம்தான். அதற்குள் தவறு நேர்ந்தால், திருத்திக்கொள்ள அவகாசம் வரும் முன்பே அடுத்த ஆட்டம் வந்து நிற்கும். ஆகவே, தோற்றாலும் நாளிதழில் வராத ஓர் அணியிடம்தான் தொழிலைப் பழக வேண்டும்.

சாபி அலோன்சோ அப்படித்தான் பழகினார். உலகக் கோப்பையும் இரண்டு யூரோ கோப்பைகளும் வென்ற ஸ்பெயின் அணியின் நடுக்கள வீரர். பெனிடெஸ், மொரின்யோ, அன்சலோட்டி, கார்டியோலா ஆகிய நான்கு பெரிய பயிற்சியாளர்களிடமும் ஆடியவர். 2017-ல் ஓய்வு பெற்றபோது பெரிய கிளப்புகளின் வாசல்களைத் தட்டியிருக்கலாம். அவரோ 2018-ல் ரியால் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் போனார். அடுத்து மூன்று ஆண்டுகள் தம் தாய்க் கிளப்பான ரியால் சோசியதாத்தின் இரண்டாம் அணியை நடத்தினார். அந்த அணி 2021-ல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, மறு ஆண்டே இறங்கியது. அந்த இறக்கம் அவருடைய பெயரைக் கெடுக்கவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பருவம் முழுக்கத் தோல்வியைச் சுமப்பது எப்படி என்று கற்க, அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைத்திருக்காது. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்கு அவர் வந்தபோது, அந்த அணி 18 அணிகள் கொண்ட பட்டியலில் 17-ஆம் இடத்தில் கிடந்தது. 2023-24-ல் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் லீக் பட்டம்.

இரண்டாவது தவறு நுட்பமானது, அதைக் கண்டுகொள்வதும் கடினம். சில மாதங்களுக்கு முன், முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் 13 வயதுச் சிறுவர்களுக்கு நடத்திய மாலைப் பயிற்சியை ஓரமாக நின்று பார்த்தேன். நடுக்களத்தில் ஆடிய சிறுவன் ஒவ்வொரு முறையும் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டியபடியே பந்தை வாங்கி, வந்த திசைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் விசிலடித்து நிறுத்தினார். "இப்படி ஆடணும்" என்று தாமே பந்தை வாங்கி, உடலைப் பாதி திருப்பி, மறுகோடிக்கு ஒரு நீண்ட பாஸ் அடித்தார். பையன்கள் கைதட்டினார்கள். ஆட்டம் தொடர்ந்தது, சிறுவன் முன்போலவே ஆடினான். மூன்று முறை இது நடந்தது. அப்போது, மாவட்ட அளவுக்கு மேல் ஆடியிராத உதவிப் பயிற்சியாளர் அவனருகே குனிந்து, "பந்து உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால யார் நிக்கிறாங்கன்னு பாத்தியாடா தம்பி?" என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையசைத்தான். அடுத்த பந்து வருமுன் ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவன் உடல் திரும்பிக்கொண்டது.

பல்லாயிரம் முறை செய்த செயல், செய்பவருடைய நினைவிலிருந்தே நழுவிவிடுகிறது. தோளுக்குப் பின்னால் பார்ப்பதை அந்த முன்னாள் ஆட்டக்காரர் வாழ்நாளெல்லாம் செய்திருப்பார்; அதனாலேயே அது சொல்லித்தர வேண்டிய ஒன்று என்று அவருக்குத் தோன்றவில்லை. செய்துகாட்டுவதைக் கொஞ்ச காலம் அடியோடு நிறுத்திவிட்டு, கேள்வியாலும் சொல்லாலும் மட்டுமே கற்பிக்கப் பழகுவது இதற்கு நல்ல மருந்து.

இதோடு ஒட்டியதே, தம் திறமையை அளவுகோலாக வைத்து வீரர்களை அளப்பது. பிரான்ஸின் முன்னாள் நட்சத்திர வீரர் தியரி ஆன்ரி 2018 அக்டோபரில் மொனாக்கோ கிளப்பின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 17 வயதுத் தடுப்பாட்டக்காரரான பெனுவா பதியாஷில் செய்தியாளர் கூட்டத்தில் எழுந்தபோது நாற்காலியை மேசைக்கடியில் தள்ள மறந்துவிட்டார். ஆன்ரி அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்க்க, அந்த இளைஞர் திரும்பி வந்து தள்ளிவிட்டுப் போனார். காணொளியில் பலரும் சிரித்தார்கள். ஒழுங்கைக் கற்பித்ததில் தவறில்லை. ஆனால் காயங்களாலும் தோல்விகளாலும் நொந்திருந்த இளம் அணியில், கேமராக்களின் முன் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. 20 ஆட்டங்களில் 4 வெற்றிகளோடு, 2019 ஜனவரியில் அவர் காலம் முடிந்தது.

பயிற்சியாளருக்குரிய லைசென்ஸ் எடுப்பதைத் தள்ளிப்போடுவதும் வீண் தொல்லை தரும். 2014-ல் ரியால் மாட்ரிட்டின் இரண்டாம் அணியை நடத்திய ஜினடின் ஜிடானுக்கு, அதற்குரிய தகுதிச் சான்று இல்லையென்று ஸ்பெயினில் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டு, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2016 முதல் 2018 வரை, ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீகைப் பயிற்சியாளராகத் தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்கே இந்தச் சங்கடம் நேர்ந்தது. ஆடும் காலத்திலேயே, பருவ இடைவேளைகளில் கீழ்நிலைச் சான்றுகளை முடித்துவிட்டால் இது வராது.

நம் நாட்டில் இந்தப் பாதையைப் பொறுமையாக நடந்து காட்டியவர் காலித் ஜமீல். காயங்கள் அவருடைய ஆட்டக்காலத்தைச் சுருக்கின. 2009-ல், 32 வயதில், மும்பை எஃப்சியின் பயிற்சியாளரானார். அதிகப் பணமில்லாத அந்தக் கிளப்பை ஏழு ஆண்டுகள், அப்போது நாட்டின் முதல்நிலைப் போட்டியாக இருந்த ஐ-லீகில் கீழே இறங்காமல் காத்தார். அங்கிருந்து நீக்கப்பட்டபின், மிசோரத்தின் ஐசால் எஃப்சி அவரை அழைத்தது. முந்தைய பருவத்தில் கீழிறங்கும் இடத்தில் முடித்து, பிறகு லீகில் மீண்டும் சேர்க்கப்பட்ட சிறிய அணி அது. 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியோடு 1-1 என்று டிரா செய்து, வடகிழக்கிலிருந்து ஐ-லீகை வென்ற முதல் கிளப்பானது. 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார்.

இன்று 28, 30 வயதில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கீழ்நிலைச் சான்றான டி லைசென்ஸ் வகுப்பில் இந்த ஆண்டே சேருங்கள், உங்கள் கிளப்பின் சிறுவர் அணியை வாரத்தில் இரண்டு மாலைகள் நடத்தக் கேளுங்கள், உங்கள் பயிற்சியாளர் தரும் ஒவ்வொரு பயிற்சியையும், அதை ஏன் அன்றைக்குத் தந்தார் என்பதையும், அன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.