காலைல புடிக்காத பழைய டிராக்டர்: பம்ப்ப கழட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஆனேக்கல், சர்ஜாப்பூர், ஹொசகோட்டை பக்கம் பழைய டிராக்டர் வச்சிருக்கிற நம்மாளுங்க டிசம்பர் வந்தாலே புலம்புறாங்க, செல்ஃப் அடிச்சா சுத்துது ஆனா புடிக்க மாட்டேங்குதுன்னு. உடனே டீசல் பம்ப்ப கழட்டிட்டு சர்வீசுக்கு ஓடாதீங்க. வண்டிய நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லி நீங்க சைலன்சர பாருங்க. புகையே வரலன்னா டீசல் போகல. வெள்ளப் புகை வந்தும் புடிக்கலன்னா டீசல் போகுது, எரியுற அளவுக்கு உள்ள சூடு ஏறல.

மெதுவா சுத்துதா, அப்ப பேட்டரி பக்கம் போங்க. டீசல் இன்ஜின்ல பிளக் தீப்பொறி கிடையாது, காத்த அழுத்துற சூட்டுலதான் எரியணும், அதனால சுத்துற வேகம் முக்கியம். 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 கிட்ட காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 10க்கு கீழ ரொம்ப விழுந்தா பேட்டரி வீக். விழலன்னா எர்த் கேபிள் சேசிஸ்ல உக்கார்ற எடத்த எமரி பேப்பர் போட்டு தேய்ங்க, பாதி பேருக்கு இதுலயே சரியாயிடும்.

புகையே இல்லன்னா முதல்ல இன்ஜின நிறுத்த இழுக்குற ஸ்டாப் கேபிள் பாதில மாட்டியிருக்கான்னு பாருங்க (சிரிக்காதீங்க, நடக்குது). அப்புறம் டீசல் லைன்ல ஏர் புகுந்திருக்கும், அத எடுக்கணும். டீசல் ஃபில்டர் மேல இருக்கிற பிளீட் ஸ்க்ரூவ (ஏர் வெளிய விடுற ஸ்க்ரூ) லூஸ் பண்ணி, கையால டீசல் ஏத்துற ஹேண்ட் பிரைமர அடிங்க, நுரை நின்னு சுத்தமா டீசல் வந்ததும் டைட் பண்ணுங்க, அடுத்து பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூ, கடைசியா நாசிலுக்கு (இன்ஜினுக்குள்ள டீசல பீச்சுற முனை) போற பைப் நட்ட லூஸ் பண்ணி செல்ஃப் அடிங்க. அங்க கைய வைக்காதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே ஏறிடும். செல்ஃப் ஒரு தடவைக்கு 15 செகண்ட் போதும், நடுவுல ஒரு நிமிஷமாவது ஆற விடுங்க.

ஏர் எடுத்தா மட்டும் போதாது, தினமும் காலைல அதே கதைன்னா எங்கயோ உறிஞ்சுது. டேங்க்ல இருந்து டீசல இழுக்குற ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கிற லைன்ல ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது டீசல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும், அதான் கண்ணுக்கு சிக்காது. நடுவுல கொஞ்ச நீளத்துக்கு டீசல் தாங்குற, உள்ள தெரியுற பிளாஸ்டிக் ஓஸ் போட்டுப் பாருங்க, குமிழ் ஓடுறது தெரியும். செம்பு வாஷர், ஓஸ், கிளிப் எல்லாம் பெங்களூர் ஜே.சி. ரோட்ல சல்லிசா கெடைக்கும், பழைய வாஷர திருப்பி மாட்டாதீங்க.

உள்ள போற காத்த சூடாக்குற ஹீட்டர் இருக்கிற இன்ஜின்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ பெட்ரோல் துணியோ கிட்டயே கொண்டு போகாதீங்க, மேனிஃபோல்டே (இன்ஜினுக்கு காத்து போற குழாய்) வெடிக்கும். நல்ல வேகத்துல சுத்தியும் வெள்ளப் புகைதான்னா ஹீட்டர் சூடாகுதான்னு பாருங்க, அதுவும் ஓகேன்னா நாசில், வால்வ், ரிங்னு போகும், அப்ப மெக்கானிக்க கூப்பிட்டு கம்ப்ரஷன் (உள்ள காத்து அழுத்தம்) செக் பண்ணுங்க.